டார்ச்சரும் மெட்ராஸ் ஐயும்

இருங்காட்டுக்கோட்டையில் டார்ச்சருக்குத் தெரியாமல் எங்கள் கம்பெனி கேட்டை ஒரு காக்காகூடத் தாண்டியதில்லை. செக்யூரிட்டியான அவர், பட்டப்பகலிலும் அடையாள அட்டையை டார்ச் அடித்துத்தான் பார்ப்பார். அதனால் டார்ச்சர். சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

நான் திருநெல்வேலியிலிருந்து வந்து வேலைக்குச் சேர்ந்த வருஷம் மெட்ராஸ் ஐ பரவியது. கண் சிவந்த யாரையும் உள்ளே விடக்கூடாது என்று அவருக்கு உத்தரவு. கேட்கவா வேண்டும்! "நீயே இமைய இழு! மேல பாரு! கீழ பாரு!" என்று கேட்டில் பெரிய ஆஸ்பத்திரியே நடத்தினார்.

எங்கள் ரூமில் ஆறு பேருக்கும் கண் சிவந்தது. வேலைக்குப் போகாவிட்டால் சம்பளம் கிடையாது. மூன்று வேளையும் டீயும் பன்னும்தான்.

"அண்ணாச்சி, லேசாத்தான செவந்திருக்கு? உள்ள விடுங்க."

"லேசா கீதுன்னு வுட்டா லைனே ஊத்திக்கும். போய்ப் படு."

அன்று சாயந்திரம் சோற்றுத் தூக்கை எங்கள் வாசலில் வைத்துவிட்டு, தெருக்கோடியில் நின்று, "துன்னுங்கடா!" என்று கத்தினார்.

சரக்கு அனுப்பத் தாமதமானதும் மேனேஜர், "நாளையிலிருந்து எல்லாரையும் உள்ளே விடு" என்றார்.

"மொத்தமா தொறந்தா எல்லாருக்கும் ஒட்டிக்கும் சார். மூடியே வெச்சா பசங்க பட்டினி. கண்ணு செவந்தவன் பின்னாடி ஷெட்ல தனியா அட்டைப்பெட்டி மடிக்கட்டுமே?"

"நீ என்ன டாக்டரா?"

எல்லோரும் உள்ளே போனோம். அந்த வாரமே கண் சிவந்து பாதி லைன் காலி. மேனேஜர் கூலிங்கிளாஸோடு வந்து இறங்கினார்.

"கண்ணாடிய கழட்டுங்க சார்."

கழற்றினார். செம்பருத்திப் பூ தோற்றது.

"வூட்டுக்குப் போங்க சார்."

மேனேஜர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "அந்த ஷெட்டைத் திறந்து விடு" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். மறுநாளிலிருந்து கண் சிவந்தவர்களுக்கும் வேலை இருந்தது, சம்பளம் இருந்தது.

ஒரு நாள் காலையில் டார்ச்சர், யாருடைய பைக் கண்ணாடியிலோ தன் கண்ணுக்கே டார்ச் அடித்துப் பார்த்தார். "இவனையும் உள்ள வுடாதே" என்று இன்னொரு செக்யூரிட்டியிடம் தன்னைக் காட்டிச் சொல்லிவிட்டு சைக்கிளைத் திருப்பினார். "ஷெட்டுக்கு வாங்க அண்ணாச்சி!" என்று கூப்பிட்டோம். "கேட்டத் தூக்கி ஷெட்ல வெக்க முடியுமாடா?" என்று போய்விட்டார்.

ஷிப்ட் முடிந்ததும் ஆறு பேரும் அவர் வீட்டுக்குப் போனோம்.

"கிட்ட வராதீங்கடா! ஒட்டிக்கும்!"

"எங்களுக்குத்தான் ஏற்கெனவே வந்திருச்சே அண்ணாச்சி."

டார்ச்சர் யோசித்தார். பிறகு வாசலை விட்டு நகர்ந்து வழிவிட்டார்.

அன்று எல்லோர் கண்ணிலும் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. மெட்ராஸ் ஐதான் என்று சொல்லிக்கொண்டோம்.