நின்றால் இருமும் கார்

கார் ஓடும்போது ராஜா மாதிரி ஓடியது. நின்றால்தான் இருமியது.

“இந்தா, இப்பப் பாருங்க,” என்று வீரமுத்து மிதியிலிருந்து காலை எடுத்தான். எஞ்சின் மூன்று முறை ஒழுங்காக அடித்தது. நான்காவதை விழுங்கியது. பிறகு உடம்பெல்லாம் உதறி ஓய்ந்தது.

தோட்டத்துக் கணக்கெழுதும் பெரிய கிராணி கணேசமூர்த்தி கண்ணை மூடிக்கொண்டார். ஜப்பான்காரன் மலாயாவுக்குள் நுழைந்து, வெள்ளைக்காரத் துரை கப்பலேறியதும் அவருடைய தொப்பி, பங்களா, கார் மூன்றும் கிராணியிடம் வந்து சேர்ந்திருந்தன. தொப்பி காதுவரை இறங்கும். கிராணி அதைக் குளிக்கும்போது மட்டும் கழற்றுவதாகக் கூலிக்காரர்களின் லயத்தில் பேச்சு.

“வெள்ளிக்கிழமை சிரம்பான்லேருந்து சப்பான் கேப்டன் வர்றாரு. ஜெனரலை அழைச்சிக்கிட்டு வர இந்தக் கார்தான் வேணுமாம்.”

“கூடவே லாரியும் வருதாமே, ஐயா?”

“வருது.”

லாரி எதற்கென்று யாரும் கேட்கத் தேவையில்லை. சயாமில் ரயில் பாதை போட இந்தத் தோட்டத்திலிருந்து பதினொரு பேர். வீரமுத்து நான்காவது பெயர். முன்பு போனவர்களிடமிருந்து ஒரு கடுதாசிகூட வரவில்லை. பட்டியல் வந்த அதே வாரம்தான் காருக்கும் இருமல் வந்தது. தோட்டத்துக்கே போதாத காலம் என்றார்கள்.

வீரமுத்து இஸ்டோரில் ரப்பர் பாளம் அழுத்தும் எஞ்சினைப் பார்த்துக்கொண்டவன். “காரை நல்லாக்கிக் குடுத்துருங்க,” என்று அவன் மனைவி லெட்சுமி நாலு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். “அந்தச் சப்பான்காரன் மனசு குளிர்ந்து உங்க பேரை வெட்டிருவான்.”

அந்த ஒரு நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டுதான் வீரமுத்து ஸ்பானரைப் பிடித்திருந்தான்.

துரை காலத்தில் அந்தக் காருக்கு ஒரே ஒரு டிரைவர். கிராணியின் கௌரவத்துக்கு அது போதுமா? பட்டியலில் இருந்த பதினொரு பேரையும் செக்ரோல் பதிவேட்டில் ‘மோட்டார் மெக்கானிக்’ என்று எழுதிக்கொண்டார். எப்படியும் போகப்போகிறவர்கள், பால்வெட்டுக்கு நஷ்டமில்லை என்று விளக்கமும் சொன்னார். ஒருவன் ஸ்பானர் எடுத்துக் கொடுத்தான். ஒருவன் கிராணிக்குக் குடை பிடித்தான். மாயாண்டி ஈ ஓட்டினான். மற்றவர்கள் காரைச் சுற்றி நின்று கவலைப்பட்டார்கள்.

கிராணி வெள்ளி மூக்குப்பொடி டப்பாவை எடுத்து விரலால் தட்டினார். உள்ளே ‘டிங்’ என்றது. சண்டை வந்ததிலிருந்து ஊரில் ஒரு சிட்டிகை பொடி கிடையாது. ஆனாலும் டப்பாவைத் தட்டாமல் அவர் எந்த உத்தரவும் போடுவதில்லை.

“பிளக்கைக் கழட்டு.”

வீரமுத்து நான்கையும் கழற்றிச் சாம்பல் போட்டுத் தேய்த்தான். மாட்டும்போது கிராணி குறுக்கே வந்தார்.

“ஒயரை இந்தப் பக்கத்துலேருந்து எண்ணு. எங்க எண்ணுறே நீ?”

“முன்னாலேருந்து எண்ணணும், ஐயா.”

“துரை உக்கார்ற பக்கம்தான் ஒண்ணு. எனக்கே பாடமா?”

அப்படியே மாட்டினான். கார் இருமவில்லை, வெடித்தது. கோழிகள் பறந்தன. குடைக்காரன் குடையோடு ஓடினான்.

மறுநாள் ஒயர்களைத் திருப்பி மாட்டிவிட்டு, கார்புரேட்டரைத் திறந்தான். பெட்ரோல் ஏது? ரப்பரைக் காய்ச்சி எடுத்த கித்தா எண்ணெய்தான். “வடிகட்டி ஊத்தணும், ஐயா,” என்றான்.

“என் ஜரிகை அங்கவஸ்திரத்துலயே வடிகட்டு. கேப்டனோட கார்லா!”

அங்கவஸ்திரத்தின் நூலும் ஜரிகையும் எண்ணெயோடு இறங்கி, ஊசித் துளையை அடைத்தன. கார் ஒரு நாள் முழுக்க மூச்சே விடவில்லை.

வியாழக்கிழமை, துளையை ஊதிச் சுத்தம் செய்தபின் வீரமுத்து குந்தி உட்கார்ந்து யோசித்தான். ஓடினால் நன்றாக இருக்கிறது, நின்றால்தான் திக்குகிறது. அப்படியானால் கரண்டில் கோளாறு இல்லை. வேண்டாத காற்று எங்கோ உள்ளே போகிறது. வேகமாக ஓடும்போது அது தெரியாது. மெதுவாக ஓடும்போது கழுத்தைப் பிடிக்கும்.

எஞ்சினை ஓடவிட்டு, மாயாண்டியின் சுருட்டை வாங்கி, காற்று போகும் குழாயின் பக்கமாகக் காட்டிக்கொண்டே வந்தான். குழாயின் அடிவயிற்றில் ஓர் இடத்தில் புகை சுருண்டு உள்ளே ஓடியது. விரலை விட்டான். ஒரு திருகாணி இருக்க வேண்டிய ஓட்டை.

“ஐயா! ஓட்டை!”

கிராணியின் கை தானாக டப்பாவுக்குப் போனது. “வெள்ளைக்காரன் கார்ல ஓட்டையா? அது மூச்சு விட வச்சிருக்கான். தொடாதே!”

அவர் சாப்பிடப் போனதும், வீரமுத்து ரப்பர் மரத்தில் உறைந்திருந்த ஒட்டுப்பாலை உருட்டி ஓட்டையில் அழுத்தினான். எஞ்சின் பூனை போல உறுமியது. பதினொரு மெக்கானிக்குகளும் கைதட்டினார்கள்.

சத்தம் கேட்டு வந்த கிராணி காரை இரண்டு முறை சுற்றி வந்தார். சந்தோஷத்தில் சுற்றுகிறார் என்று வீரமுத்து நினைத்தான்.

“எதை வச்சு அடைச்சே?”

“ஒட்டுப்பால், ஐயா.”

டப்பா ‘டிங்’ என்றது. “அப்படியா? சரி. நாளைக்குக் காலையில ஏழு மணிக்கே கிளப்பிடு. கேப்டன் வந்து இறங்குற வரைக்கும் எஞ்சின் பாடிக்கிட்டே இருக்கணும். அதுதான் மரியாதை.”

“சூடு ஏறுமே, ஐயா...”

“மரியாதை!”

கேப்டன் பத்து மணிக்கு வந்தார். பின்னால் வெறும் லாரி. பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் ஹாஜா மைதீன்; சுவா என்ற ஊரில் சாயாக்கடை வைத்திருந்தவர், ஆறு வாரத்தில் ஜப்பானிய மொழி கற்றவர்.

மூன்று மணி நேரம் பாடிய எஞ்சின் கொதித்துக்கொண்டிருந்தது. கேப்டன் வெள்ளைக் கையுறையோடு மூடியைத் தூக்கினார். அதே நேரம் இளகிய ஒட்டுப்பால் ‘சர்ர்’ரென்று உள்ளே போனது. எஞ்சின் இருமியது, விக்கியது, கரும்புகையைக் கையுறை மேல் துப்பிவிட்டு அடங்கியது.

கேப்டன் ஐந்து நிமிஷம் கத்தினார்.

“கோவமா இருக்காரு,” என்று மொழிபெயர்த்தார் ஹாஜா மைதீன்.

கிராணி முன்னால் வந்து குனிந்தார். “பதினொரு மெக்கானிக்கை வச்சும் முடியலன்னு சொல்லுங்க, பாய்.”

பளார் என்று ஓர் அறை விழுந்தது. துரையின் தொப்பி ஒரு பக்கம் போனது, பொடி டப்பா இன்னொரு பக்கம் உருண்டது. கிராணி தொப்பியை விட்டுவிட்டு டப்பாவின் மேல் பாய்ந்தார்.

“அடி வாங்கியும் பந்தா போகலையே,” என்று மாயாண்டி முணுமுணுத்தான்.

கேப்டன் மறுபடியும் கத்தினார். இந்த முறை ஹாஜா மைதீன் முழுசாகவே மொழிபெயர்த்தார். “இந்தப் பதினொரு பேரும் காரைச் சரி பண்ற வரைக்கும் தோட்டத்தை விட்டு நகரக்கூடாதாம். ஒரு ஆள் கொறைஞ்சாலும் கிராணி தலை போயிருமாம். தண்டனைலா!”

லாரி வந்தபடியே திரும்பிப் போனது. அன்று லயத்தில் மரவள்ளிக்கிழங்கு விருந்து.

சனிக்கிழமை காலை வீரமுத்து பங்களாவின் அடுப்படிப் பக்கம் போய் நின்றான். உயிர் பிழைத்தாலும் அவனுக்கு அந்த ஓட்டை மனதை அரித்தது. கிராணியின் மனைவி வள்ளியம்மா கிழங்கு சீவிக்கொண்டிருந்தார்.

“ஐயா எந்திரிச்சிட்டாராம்மா?”

“கன்னம் வீங்கிக் கெடக்கு. இப்பத்தான் கண்ணசந்தாரு.”

“ஒண்ணுமில்ல, ஒரு சின்னத் திருகாணி இருந்தாப் போதும்மா. ஒரு மணி நேரத்துல காரை மணி மாதிரி ஆக்கிருவேன். எங்க விழுந்துச்சோ, தேடிப் பாத்துட்டேன்...”

வள்ளியம்மா உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“தேடாதப்பா. அது ஐயாவோட பொடி டப்பாக்குள்ள இருக்கு. சப்பான்காரன் போனதும் தருவாரு.”