கறுப்பு டேப் ஒட்டிய குட்டி லேப்டாப்

குறையாருக்கு அன்று குறையே கிடைக்கவில்லை. மணி இரண்டரை. நான்கு மணிக்குள் கட்டுரை போயாக வேண்டும்.

பத்திரிகைக்காக லேப்டாப்புகளின் உடற்கட்டை எடைபோடுவது அவர் வேலை. சுவிட்சைப் போட்டு வேகம் பார்ப்பது அடுத்த மேசைக்காரர் பாடு. கம்பெனிப் பெயரைப் பார்த்தால் மனம் சாய்ந்துவிடுமாம். அதனால் மனைவிதான் பெட்டியைப் பிரித்து, பெயர்மேல் கறுப்பு டேப் ஒட்டி மேசையில் வைப்பாள். இன்றும் ஆபீசுக்குக் கிளம்பும் அவசரத்தில் ஒட்டிவிட்டுப் போயிருந்தாள்.

பன்னிரண்டு வருடமாக எதையும் பாராட்டாததால் வந்த பட்டப்பெயர் குறையார். பத்திரிகை ஆசிரியர் காலையிலேயே சொல்லிவிட்டார்: "நீங்க திட்டுறதுக்காகத்தான் அந்தப் பக்கத்தைப் படிக்கிறாங்க. குறை இல்லேன்னா பக்கமும் இல்லை."

ஒற்றை விரலால் மூடியைத் தூக்கினார். அடிப்பாகம் அசையவில்லை, மூடி மட்டும் எழுந்து, விட்ட இடத்தில் நின்றது. மூலையைப் பிடித்து முறுக்கினார். ஒரு முனகல் இல்லை. விளிம்பில் நகத்தை ஓட்டினார். இணைப்பே தட்டுப்படவில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் அளவுப் பொருளில் இத்தனை நேர்த்தியா என்று அவருக்கு மெய் சிலிர்த்தது.

காலையில்தான் வந்து இறங்கியிருந்த மாமனார் சோபாவிலிருந்து கனைத்தார். "மாப்பிள்ளை, அது வந்து..."

"ஒரு நிமிஷம் மாமா."

மூடி அமுங்குகிறதா என்று பார்க்க நான்கு பெரிய அகராதிகளை அதன்மேல் அடுக்கினார். மேசைக் கால்தான் ஒடிந்தது. அகராதிகள் சரிந்து பூச்சாடியை உடைத்தன. லேப்டாப் விழுந்த இடத்தில் தரைக்கல் விரிசல் கண்டது. லேப்டாப்பில் ஒரு கீறல் இல்லை. மாமனார் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

விடுவாரா குறையார்? எண்பது கிலோ உடம்போடு அதன்மேல் ஏறி நின்றார். பட்டென்று ஏதோ அறுந்தது. ஆவலோடு குனிந்து பார்த்தால், அவருடைய செருப்பு வார்.

குறையார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். லேப்டாப்பை மடியில் வைத்துத் தடவிக் கொடுத்தார். கண் கலங்கியது. பக்கம் போனால் போகட்டும், பொய் எழுத மாட்டேன் என்று முடிவு செய்தார். 'இதில் குறை சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. செய்த கைகளைக் கும்பிடுகிறேன்' என்று எழுதி முடித்து, நாலுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அனுப்பினார்.

ஆசிரியர் உடனே கூப்பிட்டார். குரல் தழுதழுத்தது. குறையாரே கும்பிட்டுவிட்டார் என்றால் அது அட்டைப்படச் செய்தியாம். அச்சுக்கும் அனுப்பியாயிற்றாம்.

குறையார் பெருமூச்சு விட்டார். மாமனார் எழுந்து வந்து, அவர் மடியிலிருந்ததை மெல்ல எடுத்து, டேப்பை உரித்து, வேட்டி நுனியால் துடைத்தார்.

"புதுசு அலமாரி மேல இருக்கு மாப்பிள்ளை. என் பொண்ணு அவசரத்துல டேப்பை என்னோடதுல ஒட்டிட்டா. பத்து வருஷம் முன்னாடி, ஆறு மாசம்கூடத் தாங்காதுன்னு நீங்க எழுதினீங்களே, அது இதுதான்."