வியாகுலம் சைலன்சர் மாற்றிய கதை

காலைப் பூசை முடிந்து, மாதா கோவில் வாசலில் செருப்பைத் தேடும்போதே வியாகுலம் உறுதி எடுத்துவிட்டார். இந்த வாரம் காருக்குச் சைலன்சர் மாற்றாமல் ஓய்வதில்லை. ஆண்டவர் சந்நிதியில் எடுத்த முடிவு. பின்வாங்கக் கூடாது.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். கூட வேலை பார்த்தவர்கள் வந்த பணத்தில் மாடி கட்டினார்கள். இவர் பந்தய ரகக் கார் ஒன்றைப் பழசாக வாங்கினார். அதுவும் இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடி, ஓய்வு பெறும் வயதில்தான் இருந்தது. மிச்சத்தைப் புன்னக்காயல் உப்புக்காற்று தின்றது. சைலன்சர் துருவேறி, புகைக்குழாய் உள்ளுக்குள் அடைத்து, கடைசியில் மீன் ஏற்றிய ஆட்டோ ஒன்று காரை முந்திப் போனது. முந்தினவன் திரும்பிப் பார்த்து மரியாதையாக ஒரு கும்பிடும் போட்டான். அந்தக் கும்பிடைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

தச்சநல்லூர் மெக்கானிக் ராமசுப்பு காருக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"ரெண்டு வழி இருக்கு அண்ணாச்சி. பழைய மாதிரியே மாட்டுனா பூனை மாதிரி போகும். பெரிய குழாயாப் போட்டா எஞ்சின் நல்லா மூச்சு விடும், புலி மாதிரி போகும். ஆனா ஊரே எந்திரிச்சிரும்."

"புலி," என்றார் வியாகுலம்.

இனி ஒரே தடை, மார்கரெட். கட்டிய நாள் முதல் குரல் உயர்த்தாத மனைவி. காது மட்டும் கூர்மை. அடுக்களையில் இருந்தபடியே, பக்கத்து வீட்டில் விழுந்தது கரண்டியா தட்டா என்று சொல்லிவிடுவாள்.

"ஏளா, காருக்குக் குழாய் மாத்தணும்."

"மாத்துங்க."

"கொஞ்சம் சத்தம் வரும்."

சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்த கை நின்றது. "எம்புட்டுச் சத்தம்?"

"கம்பீரமா இருக்கும்."

"உப்பளத்துக்கு அந்தப் பக்கம் போனாலும் இங்கன கேக்குமா?"

"கேக்கும் போலதான் இருக்கு."

"அப்ப பெரிசாவே போடுங்க. பழசை வீட்டுக்குத் தூக்கிட்டு வராதிய, வைக்க இடமில்ல. அங்கனயே பழைய இரும்புக்குப் போட்டுருங்க."

வியாகுலம் நேரே போய் அந்தோணியாருக்கு மெழுகுதிரி ஏற்றினார்.

அவருக்கு ஒரு ரகசியம் உண்டு. உடம்பில் சர்க்கரை. பரோட்டாவைக் கண்ணாலும் பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லி மூன்று வருடம் ஆகிறது. வீட்டில் ராத்திரிக்குக் கேப்பைக் கூழ். ஆகவே, "ஓட்டாமக் கெடந்தா பேட்டரி இறங்கிரும்" என்று தினமும் சாயங்காலம் காரை எடுப்பார். உப்பளம் தாண்டி, ரோடு பிரியும் விலக்கில் கிறிஸ்டி கடை. இரண்டு பரோட்டா, கோழிச் சால்னா, வாய்க்கு ஒரு கிராம்பு. பூனை போல போய்ப் பூனை போல திரும்பிவிடுவார்.

புதுக் குழாய் மாட்டிய அன்று தெரு முழுக்க வாசலுக்கு வந்தது. நாய்கள் ஒதுங்கின. கார் புலியாகத்தான் போனது. அந்த மீன் ஆட்டோவை முந்தி, திரும்பி ஒரு கும்பிடு போட்டார். அந்தச் சந்தோசத்தில் அன்றைக்கு மூன்று பரோட்டா.

திரும்பி வந்தபோது மார்கரெட் மாதா படத்தின் முன்னால் ஜெபமாலையோடு இருந்தாள்.

"கூழ் இருக்கு, குடிங்க."

"பசிக்கல. வயிறு ஒரு மாதிரியா இருக்கு."

"இருக்கும். நீங்க கெளம்புன சத்தத்தோட நான் ஜெபமாலையைத் தொடங்குனேன். மொதப் பத்து மணியை உருட்டுறதுக்குள்ள உப்பளம் தாண்டிட்டிய. விலக்குக்கிட்ட சத்தம் நின்னு போச்சு. ரெண்டாம் பத்து போச்சு, மூணு போச்சு, நாலும் போச்சு. மனுசனுக்கு என்னமோன்னு உருகி உருகிச் சொன்னேன். அஞ்சாம் பத்துலதான் வண்டி திரும்ப உறுமுச்சு."

"எஞ்சின் சூடாயிருச்சு. ஆற வச்சேன்."

"கிறிஸ்டி கடை வாசல்லயா?"

வியாகுலம் கூழை எடுத்துக் குடித்தார். கடவுள் எல்லாவற்றையும் பார்க்கிறார் என்பது அவருக்குச் சின்ன வயதிலேயே தெரியும். மார்கரெட் எல்லாவற்றையும் கேட்கிறாள் என்பதை யாரும் சொல்லித் தரவில்லை. தன் செலவில் தானே மணி கட்டிக்கொண்ட பூனையாக அவர் இரவெல்லாம் புரண்டார். பழைய சைலன்சர் இந்நேரம் எந்த உலையில் உருகுகிறதோ.

மறுநாள் சாயங்காலம் கார்ச் சாவி ஆணியிலேயே தொங்கியது. வியாகுலம் செருப்பைக்கூடக் கையில் பிடித்துக்கொண்டு, பைய வாசல் தாண்டினார்.

உள்ளே இருந்து மார்கரெட்டின் குரல் சாந்தமாக வந்தது.

"போயிட்டு வாங்க. நடக்கச் சொல்லித்தான டாக்டரும் மூணு வருசமா மன்றாடுதாரு. கிறிஸ்டிகிட்ட சொல்லி வச்சிருக்கேன், நீங்க போய்ச் சேந்ததும் மோர் மட்டும் குடுப்பான்."