கரங்கானில் ஒரு ஃபின்லாந்து

நாடு முன்னேற வேண்டுமானால் லோகேஸ்வரி சாப்பாட்டுச் செலவைக் குறைத்தாக வேண்டும் என்று மலேசியாவின் அலோர் ஸ்டாரில் ஓர் அரசு அலுவலகத்தில் ஏகமனதாக முடிவாயிற்று. கரங்கான் எஸ்டேட்டில் செம்பனை உதிரிப் பழம் பொறுக்கும் அவளிடம் அதை நேரில் தெரிவிக்க, குணாளன் என்ற இளம் அதிகாரி கார் போட்டுக்கொண்டு வந்தார். அவளுக்கோ ஒரே பயம், மாதாமாதம் கிடைக்கும் உதவி அரிசி நின்றுவிடுமோ என்று.

"அக்கா, ஃபின்லாந்துல சம்பளத்துல கொஞ்சம்தான் சாப்பாட்டுக்குப் போகுது. உங்க வீட்டுல முக்கால்வாசி போகுதே!"

"வயிறு இருக்கே தம்பி. அவங்க காசெல்லாம் எங்கதான் போகுது?"

"வீட்டைச் சூடாக்க."

"இங்க சும்மாவே வேகுதே லா!"

"அதான் குறை. சூட்டுக்கு நீங்க ஒரு சென் காசுகூட செலவு பண்றதில்ல," என்று குணாளன் மனமார வருந்தினார்.

மேற்படி குறையை நிவர்த்தி செய்யும் பொருட்டு அவள் வீட்டில் இலவசமாக ஒரு ஹீட்டர் பொருத்தப்பட்டது. அணைத்தால் அரிசி கிடையாது என்பது நிபந்தனை. லோகேஸ்வரி பயந்துகொண்டு அதைத் தொடவே இல்லை. குடும்பமே வாசலில் படுத்தது. ஏறிய கரண்டு பில்லைக் கட்ட முதலில் மீன் நின்றது, பிறகு முட்டையும் நின்றது.

மறுபடி வந்த குணாளன் வியர்வையைத் துடைத்தபடி கணக்குப் போட்டுப் பூரித்துப்போனார்.

"சாப்பாட்டுப் பங்கு கால்வாசிக்கு இறங்கிருச்சு! ஃபின்லாந்தை எட்டிப் பிடிக்கப் போறீங்கக்கா!"

"அப்ப அரிசி?"

"முன்னேறின குடும்பத்துக்கு எதுக்கு உதவி அரிசி?"

நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று அவள் வாயைத் திறப்பதற்குள் கழுத்தில் மாலை விழுந்தது. கூட வந்தவர்கள் படம் எடுத்தார்கள். 'முன்மாதிரிக் குடும்பம்' என்று கதவுக்கு மேல் பலகை அடித்தார்கள்.

வேலியோரம் நின்ற பக்கத்து வீட்டு பிரேமாவதிக்குப் பொறுக்கவில்லை.

"ஏன் சார், எங்களைப் பார்த்தா மனுசங்களாத் தெரியலையா? எங்களுக்கு எப்ப ஹீட்டர்?"

அவளுக்குப் பின்னால் தொழிலாளர் லயத்து வீடுகளில் இருந்த அத்தனை பேரும் அதையே கேட்டார்கள்.

"மனு கொடுங்க, எல்லாருக்கும் உண்டு," என்றார் குணாளன்.

அரிசி போன துக்கம் லோகேஸ்வரிக்கு அந்த நிமிஷமே மறந்துபோயிற்று.

"எல்லாருக்குமா? அப்ப எனக்கு இதைவிடப் பெருசா ஒண்ணு போட்டுக் குடுங்க தம்பி!"