மூன்று இடத்தில் பத்திரம்

கொம்பியூட்டர் மறுபடியும் ‘கடக் கடக்’ என்று இருமத் தொடங்கியதும் முத்தலிப் ஓடிவந்து அதன் முன்னால் நின்றார். மகள் சனூஸாவின் கல்யாணப் படங்கள் முழுவதும் அதற்குள்தான் கிடந்தன. அச்சடித்த அல்பம் போன மாரிமழையில் ஊறி, பக்கம் பக்கமாக ஒட்டிக்கொண்டு விட்டது. இனி மிச்சம் இதுதான்.

மனைவி அசனா குசினிக்குள் நின்றபடியே தீர்ப்புச் சொன்னாள். “ஒரு படம் குறைஞ்சாலும் நீங்க புல்மோட்டைக்குப் போய் உங்கட தங்கச்சி வீட்டில இருங்க.”

வெளியே செருகுகிற ஹாட் டிஸ்க் ஒன்றில் பிரதி எடுத்து வைத்தால் போதும் என்றார்கள். எது நல்லது என்று விசாரித்ததுதான் முத்தலிப் செய்த பிழை. பள்ளிவாசலில் ஒருவர் விலை கூடினதுதான் நாள்பட உழைக்கும் என்றார். மீன் சந்தையில் இன்னொருவர், எல்லாம் ஒரே சாமான்தான், பெட்டிதான் வேறை என்றார். ஆளுக்கொரு கதை.

துறைமுகக் களஞ்சியத்தில் முப்பது வருடம் சாமான் பொறுப்பெடுத்த மனுசன், கடைசியில் ஒருவரையும் நம்பாமல் நடுத்தர விலையில் ஒன்று வாங்கினார். கடைக்காரன் ஸப்வான் வீட்டுக்கே வந்து பிரதி எடுக்கப் போட்டுவிட்டுப் போனான். நாலு மணித்தியாலம் ஆகும் என்று திரை காட்டியது.

நாலு மணித்தியாலமா! அதற்குள் புல்மோட்டைக்கு பஸ்ஸில் போய்த் திரும்பலாமே. முத்தலிப் பல்லைக் கடித்துக்கொண்டு காவல் இருந்தார். மூன்றாவது மணித்தியாலத்தில் கரண்ட் போனது. கரண்ட் வந்தபோது டிஸ்க் செத்துக் கிடந்தது.

ஸப்வான் பாவம், மறுபேச்சில்லாமல் புதிது தருகிறேன் என்றான். முத்தலிப்புக்கு அதில்தான் கோபம் ஏறியது.

“உன்ட டிஸ்கும் வேணாம், உன்ட நாலு மணித்தியாலமும் வேணாம்.”

காசைத் திருப்பி வாங்கி, எதிர்க்கடையில் இருந்ததிலேயே மலிவானதை எடுத்தார். இந்த முறை வெளியாள் உதவியும் இல்லை. திரையின் ஓரத்தில் ‘கல்யாணம்’ என்று பெயர் போட்டிருந்த சின்னக் குறியை மவுசால் பிடித்து இழுத்து டிஸ்கில் போட்டார். கண்மூடித் திறக்குமுன் வேலை முடிந்தது.

நம்புவாரா அவர்? களஞ்சியக்காரன் புத்தி. அந்தக் கொம்பியூட்டரிலேயே டிஸ்கைத் திறந்து பரிசோதித்தார். மணமகள், மாப்பிள்ளை, சோற்றுச் சஹனைச் சுற்றிக் குந்தியிருந்த சொந்தக்காரர், எல்லாரும் வரிசையாக வந்தார்கள். ஆயிரத்து இருநூறு படம், ஒன்று குறையவில்லை. அதற்குப் பிறகு ஸப்வானின் நாலு மணித்தியாலத்தைப் பற்றி அவர் அசனாவிடம் சொன்னதை இங்கே எழுத ஏலாது.

ஒன்றை நம்பி இருக்கப்படாது என்றாள் அசனா. அதுவும் நியாயம்தான். அதே மலிவில் இன்னும் இரண்டு வாங்கி, அதே வேகத்தில் நிரப்பினார். ஒன்று அலுமாரியில், ஒன்று நிலாவெளியில் மச்சினி பஸ்மியா வீட்டில், ஒன்று எந்நேரமும் அவருடைய சட்டைப் பையில். பிறகு அந்த இருமல்காரக் கொம்பியூட்டரை முழுக்க அழித்துப் பழைய இரும்புக்குப் போட்டார். தலையில் இருந்த மூட்டை இறங்கின மாதிரி இருந்தது.

வெள்ளிக்கிழமை சனூஸா கட்டாரில் இருந்து வந்திறங்கினாள். சட்டைப் பை டிஸ்கைத் தன் மடிக்கணினியில் செருகினாள்.

“வாப்பா, ஒண்டும் திறக்குதில்லையே.”

மலிவுப் புத்தி என்று அசனா முணுமுணுத்தாள். அலுமாரி டிஸ்கைச் செருகினார்கள். அதுவும் அப்படியே. முத்தலிப் மத்தியான வெயிலில் பஸ் பிடித்து, வழியெல்லாம் ஓதிக்கொண்டு, நிலாவெளி டிஸ்கைக் கொண்டுவந்தார். அதுவும் திறக்கவில்லை. அசனா அவருடைய சாரன்களை எடுத்து மடித்துப் பைக்குள் வைக்கத் தொடங்கினாள்.

மூன்றையும் பொத்திக்கொண்டு எதிர்க்கடைக்கு ஓடினார். ஊரை ஏமாற்றுகிற கள்ளச் சாமான், இன்றைக்கு ரெண்டில் ஒன்று பார்ப்பேன் என்று அவர் போட்ட சத்தத்தில் தெருவில் போனவர்களும் நின்றுவிட்டார்கள். கல்லாவில் இருந்த றிஷானா என்ற பெண்பிள்ளை மூன்றையும் ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

“மாமா, டிஸ்க் மூண்டும் நல்லாத்தான் வேலை செய்யுது. ஆனா நீங்க இதுக்குள்ள போட்டிருக்கிறது படமில்ல, உங்கட வீட்டுக் கொம்பியூட்டர்ல படம் எங்க இருக்கெண்டு சொல்ற விலாசம்.”