எல்லாவற்றிலும் கொஞ்சம் புகை

கிறிஸ்துமஸ் விருந்துக்குச் சரியாக ஐம்பத்திரண்டு மணி நேரம் இருந்தபோது, எர்வின் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த பட்டியலின் நான்கு வரிகளையும் அடித்துவிட்டு, கீழே புதிதாக ஒரே ஒரு வரி எழுதினார்.

இறாலுக்கு வெள்ளை ஒயின். வான்கோழிக்கு நுரைக்கும் சிவப்பு. ஹாமுக்குக் கனத்த சிவப்பு. புட்டிங்குக்கு இனிப்பு ஒயின். அந்த வீட்டில் நாற்பது வருடமாக மாறாத வரிசை அது. இப்போது அதன் கீழே நடுங்கும் எழுத்தில், 'எல்லாவற்றுக்கும் பிரெண்டனுடையது' என்று இருந்தது.

மெரின் காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"இறாலுக்குமா, மாமா?"

"இறாலுக்கும்தான். என் மகன் கடைசியாப் பண்ணுன ஒயின். அது தட்டுக்குத் தகுந்த மாதிரி இறங்கி வராது. தட்டு ஏறி வரட்டும்."

பிரெண்டன் செப்டம்பரில் இறந்துபோனான். எண்பத்தொரு வயது எர்வினுக்கு ஒரே மகன்; மெரினுக்குப் பத்தொன்பது வருடக் கணவன்.

அந்த வருடம் கோடை உச்சத்தில், பிப்ரவரியில், மலைச்சரிவு பதினோரு நாள் எரிந்தது. தீ அவர்கள் திராட்சைத் தோட்டத்துக்குள் வரவில்லை. புகை வந்தது. புகை குடித்த திராட்சையில் செய்த ஒயின் சாம்பல் கிண்ணத்தை நக்கியது போலிருக்கும். பள்ளத்தாக்கில் பாதிப் பேர் பழத்தைப் பறிக்காமலே விட்டார்கள். பிரெண்டனுக்கு ஜனவரியிலேயே கணையத்தில் புற்றுநோய் என்று சொல்லியிருந்தார்கள். அடுத்த அறுவடை அவனுக்கு இல்லை. அதனால் அவன் பறித்தான். ஒரே ஒரு பீப்பாய் ஒயின்.

ஏப்ரலில் ஒரு சிறு குப்பியில் கொஞ்சம் எடுத்து மெரினிடம் கொடுத்தான். அவள் ஒயின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவள்.

"பாத்துச் சொல்லு."

புகையின் அளவு இருபத்தைந்தைத் தாண்டினாலே நாக்குக்குத் தெரிந்துவிடும். கருவி எழுபது என்றது. மெரின் வீட்டுக்கு வந்து, "சுத்தமா இருக்கு" என்றாள். அவன் கேட்டதால் தாளிலும் எழுதிக் கொடுத்தாள். அவள் கையெழுத்துப் போட்ட ஒரே பொய் முடிவு அது. அவன் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

அதன்பின் அவன் தெம்பாகவே இருந்தான். ஜூனில் அவள் அடிலெய்டுக்கு அவனுடைய மருந்து வாங்கப் போய்த் திரும்பியபோது சேற்றுக் காலணியோடு கட்டிலில் கிடந்தான். "கொட்டகையில சின்ன வேலை" என்றான். இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. ஆகஸ்டில் அவனே நின்று முந்நூறு பாட்டில் அடைத்தான். அதில் ஒன்றைத் திறந்து பார்க்கும் தைரியம் மெரினுக்கு வரவில்லை. பாட்டிலுக்குள் நாளாக ஆகப் புகை கூடும், குறையாது.

"மாமா, இன்னும் ரெண்டு வருஷம் படுத்துக் கெடந்தா ஒயின் நல்லா வரும்."

"நானும் அதுக்குள்ள படுத்துருவேன். வேற ஏதாவது சொல்லு."

வேறு ஏதாவது என்பது பாட்டிலை மாற்றுவது. ஆனால் முந்நூறு பாட்டிலும் எர்வினின் படுக்கையறையில் ஜன்னலை மறைத்து அடுக்கியிருந்தன. சாவி அவர் கழுத்தில். படுக்கை விரிப்பை மாற்றுகிறேன் என்று மெரின் உள்ளே போனாள். எர்வின் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"நேத்துத்தான மாத்துன?"

"வேர்வை, மாமா."

"எனக்கு வேர்த்து மூணு வருஷம் ஆச்சு."

வெறுங்கையோடு வெளியே வந்தாள். கிழவர் மகனின் ஒயினை வாயில் வைத்து, முகம் சுளித்து, துப்பப் போகிறார். மகனை இன்னொரு முறை புதைப்பது போலத்தான் அது. மண்ணை அள்ளிப் போட்டது யார் என்றும் அவருக்குத் தெரிந்துவிடும்.

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. ஒயினை மாற்ற முடியாது. சாப்பாட்டை மாற்றலாம். புகைக்குப் பக்கத்தில் புகையை வைத்தால் நாக்கு எது எதிலிருந்து வந்தது என்று பிரித்துச் சொல்லாது.

இருபத்து நான்காம் தேதி கசாப்புக் கடையில் இரண்டு முறை புகை போட்ட பன்றித் தொடை ஹாமை வாங்கிவந்து, கொல்லையில் மூன்றாவது முறை புகை போட்டாள். அடுத்து இறாலுக்குப் போட்டாள். வெண்ணெய்க்கும் போட்டாள். மத்தியானம் அடிலெய்டிலிருந்து வந்து சேர்ந்த ஹெதர், பிரெண்டனின் அக்கா, காரிலிருந்து இறங்காமலே கேட்டாள்.

"என்ன எரியுது?"

"உருளைக்கிழங்கு சாலட், அண்ணி."

ஹெதர் கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சிறிது நேரம் காருக்குள்ளேயே இருந்தாள்.

கிறிஸ்துமஸ் காலையில் வெயில் நாற்பத்திரண்டு டிகிரி. சூடான காற்று வடக்கிலிருந்து. வெளியே தீக்குச்சி கிழிக்கக் கூடாது என்று வானொலி முழுத் தீத்தடையை அறிவித்தது. மிச்சம் இருந்தது வான்கோழி மட்டும். மெரின் அதைச் சமையலறைக்குள் தூக்கிவந்து, பெரிய தகர டப்பாவில் காய்ந்த கொடிக் குச்சிகளைப் போட்டு அடுப்பில் வைத்து மூடினாள். கதவிடுக்கில் ஈரத் துண்டு செருகினாள். புகை அலாரம் கத்தியது. நாற்காலியில் ஏறி பேட்டரியைக் கழற்றினாள். புகை கண்ணைக் கரித்தபோது ஜன்னலை நான்கு விரல் திறந்தாள்.

நான்கு விரல் போதுமானதாக இருந்தது. பிப்ரவரிக்குப் பிறகு அந்தப் பள்ளத்தாக்கில் புகையைப் பார்த்து யாரும் யோசித்துக்கொண்டு நிற்பதில்லை. ஏழு நிமிடத்தில் தீயணைப்பு வண்டி முற்றத்தில் நின்றது. ஜன்னல் வழியாகத் தண்ணீர் வந்தது. வான்கோழி அடுப்பிலிருந்து சுவருக்குப் போய், அங்கிருந்து தரைக்கு வந்தது.

"யாராவது உள்ள இருக்கீங்களா?" என்று குரல் வந்தது.

"நான்தான், நுன்சியோ."

நுன்சியோ மஞ்சள் சட்டையும் தலைக்கவசமுமாக எட்டிப் பார்த்தார். பக்கத்துத் தோட்டக்காரர், அறுபத்துமூன்று வயது, ஊர்த் தீயணைப்புத் தொண்டர்களுக்குத் தலைவர். அவருடைய தோட்டத்துக்கும் இவர்களுடையதற்கும் நடுவில் ஒரு வேலி, ஓர் ஓடை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவர் விருந்தாளி. முப்பது வருடமாக எர்வின் அவரைக் கூப்பிடுவதே அவருடைய ஒயினை மட்டம் தட்டத்தான்.

"ஒரு மணிக்குத்தான வரச் சொன்னீங்க. கொஞ்சம் சீக்கிரமா வந்துட்டேன்." தரையைப் பார்த்தார். "இது முக்கியமான பறவையா?"

மெரின் அதைக் கழுவி, துடைத்து, மறுபடி அடுப்பில் வைத்தாள். அந்தக் குழப்பத்தில் புட்டிங் அடிப்பிடித்தது. அதைப் பார்த்தபோது அவளுக்கு ஒரு கணம் நிம்மதியாகக்கூட இருந்தது.

ஒரு மணிக்கு எல்லோரும் உட்கார்ந்தார்கள். பிரெண்டனின் நாற்காலியும் போடப்பட்டிருந்தது. எர்வின் தானே மூடியைத் திருகி நான்கு கோப்பையிலும் ஊற்றினார். ஐந்தாவது கோப்பையிலும் கொஞ்சம் ஊற்றினார். ஹெதர் இறாலைக் கடித்து, மெல்லாமல், தம்பியின் காலி நாற்காலியைப் பார்த்தாள்.

"இதச் சாப்பிட முடியாதுன்னு இன்னிக்கு மட்டும் சொல்லக் கூடாதுன்னு நெனச்சேன், மெரின். முடியலம்மா. சுடுகாட்டுல சமைச்ச மாதிரி இருக்கு."

எர்வினுக்கு அது கேட்கவில்லை. கோப்பையை உயர்த்தி ஒரு வாய் குடித்து, கண்ணை மூடினார். மூடிய கண் நீண்ட நேரம் திறக்கவில்லை. மெரின் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"என் பையன்" என்றார் எர்வின்.

கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை. இன்னொரு வாய் குடித்தார்.

"டேய் நுன்சியோ. குடிச்சுப் பாரு. இந்த மண்ணுலதான் இது வரும். வேலிக்கு அந்தப் பக்கம் உன்னால இப்படி ஒரு சொட்டு எடுக்க முடியுமா?"

நுன்சியோ நிதானமாகக் குடித்தார்.

"முடியாது, பெரியவரே."

"உன்னுது வினிகருக்குத்தான் லாயக்கு."

"சரிதான், பெரியவரே" என்று நுன்சியோ இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டார்.

மெரினும் குடித்தாள். வாயெல்லாம் சாம்பல். புகை நால்வரில் ஒருவருக்கு நாக்கில் தெரியாது என்று அவள் படித்திருக்கிறாள். கிழவர் அந்த ஒருவராக இருக்க வேண்டும். மற்ற இருவரும் அவர் மேல் இரக்கப்பட்டு ஒயினைப் பற்றி வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள். எப்படியோ முடிந்துவிட்டது.

"முடிவு பண்ணிட்டேன்" என்றார் எர்வின். "ஜனவரியில போட்டிக்கு ஆறு பாட்டில் அனுப்புறேன். பிரெண்டன் பேர்ல. ஆறு நடுவருங்க குடிச்சு, அவன் யாருன்னு எழுதிக் கொடுக்கட்டும்."

நுன்சியோவுக்குப் புரையேறியது. ஹெதர் முதுகில் தட்டினாள்.

மெரின் எழுந்து, தட்டுகளை எடுப்பது போலக் கொல்லைக்குப் போனாள். மழைநீர்த் தொட்டியின் நிழலில் நின்றாள். தட்டுகளைக் குழாயடியில் வைத்தாள். பின்னாலேயே நுன்சியோ தண்ணீர் குடிக்க வந்தார்.

"நீங்கதான் தடுக்கணும்" என்றாள். "அவர் அத அனுப்பக் கூடாது. அதுல புகை இருக்கு."

"சாப்பாட்டுல இருக்கு."

"ஒயின்ல. எழுபது வந்துச்சு. நான் பிரெண்டன்கிட்ட சுத்தம்னு பொய் எழுதிக் கொடுத்தேன். அவன் அத நம்பிக்கிட்டே செத்துப் போனான். ரெண்டு நாளா நான் இந்த வீட்டையே எரிச்சுக்கிட்டிருக்கறது அதுக்காகத்தான்."

நுன்சியோ குழாயை மூடினார். தொப்பியைக் கழற்றி, உள்ளே எதையோ தேடுவது போலப் பார்த்தார். வீட்டுக்குள் எர்வின் ஹெதரிடம் அந்த ஒயினைப் பற்றிச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"எழுபதா" என்றார். "அந்த நம்பர் அவனுக்குத் தெரியாது. முதல் சொட்டு வாயில வச்சதுமே மத்ததெல்லாம் தெரிஞ்சுபோச்சு."

மெரின் அவரைப் பார்த்தாள்.

"நீ அடிலெய்டுக்கு மருந்து வாங்கப் போன அன்னிக்கே பீப்பாய அந்த ஓடையில கவுத்துட்டான், மெரின், உங்க மாமா இப்பக் கண்ண மூடி அழுதுகிட்டே குடிச்சாரே, அது தீ வர்றதுக்கு முந்தின வருஷத்து என்னோட வினிகரு, 'மெரின் எனக்காக ஒரு பொய் சொல்லிட்டா, அத நான் மெய்யாக்கிட்டுப் போகணும்'னு சொல்லித்தான் எங்கிட்ட வாங்கிட்டுப் போனான்."