கஜபதி திருப்பிய ஆன்டெனாக்கள்

ஊரெல்லாம் கலர் டிவிக்கு மாறியதும், அம்பத்தூர் எஸ்டேட்டில் கறுப்பு வெள்ளை டிவி செய்த கம்பெனி ஆட்களை மொத்தமாக வீட்டுக்கு அனுப்பிவிட்டது. கஜபதி அசரவில்லை. இனி எவனுக்கும் கைகட்டி நிற்பதில்லை என்று சபதம் செய்து, மேனாம்பேட்டில் தன் வீட்டு முன்னறையிலேயே டிவி ரிப்பேர் கடை போர்டை மாட்டினான். மாட்டிவிட்டுத் திரும்பினால், எதிர்வீட்டில் பரந்தாமனும் ஒரு போர்டு மாட்டிக்கொண்டிருந்தான். கூட வேலை போனவன். தெருமுனையில் வேம்புலி, அவனும் அதே கம்பெனி. கொஞ்ச நாளில் மேனாம்பேட்டில் டிவியைவிட மெக்கானிக்குகள் அதிகம். தெருவில் இன்னும் ஓடிக்கொண்டிருந்த, அவர்களே செய்த கறுப்பு வெள்ளை டிவிகளோ கெட்டே தொலையவில்லை. இவ்வளவு ஒழுங்காகச் செய்திருக்கக் கூடாது என்று பரந்தாமன் நொந்துகொண்டான்.

ஒருநாள் கஜபதியின் மனைவி நாகவல்லி மெல்ல ஆரம்பித்தாள். பக்கத்து வீட்டு ரோஷன் பேகத்தின் அண்ணன் திருமழிசையில் டெலிபோன் பாகங்கள் செய்கிறாராம், பெண்களைத்தான் எடுக்கிறாராம், தான் போகட்டுமா என்றாள். கடை முதலாளியின் பெண்டாட்டி கம்பெனி வேலைக்குப் போவதா என்று அவன் மறுத்துவிட்டான்.

கடைக்கு ஆள் வர அவனே ஒரு வழி கண்டுபிடித்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தெரு உண்ட மயக்கத்தில் கிடந்தபோது, மாடி மாடியாகத் தாவி எல்லா ஆன்டெனாவையும் டிவி ஸ்டேஷனுக்கு நேர் எதிரே, ஆவடிப் பக்கம் திருப்பிவிட்டு இறங்கினான்.

சாயங்காலம் படம் ஆரம்பித்தது. வீட்டுக்கு வீடு திரையில் பூச்சி பறந்தது. பாதித் தெரு கஜபதி வாசலுக்கு வந்துவிட்டது. அவன் கூலியைப் பற்றி வாய் திறப்பதற்குள் நாகவல்லி முன்னால் வந்தாள். காற்றில் ஆன்டெனா திரும்பியிருக்கும், இவர் ஏறிச் சரிசெய்துவிடுவார், தெருக்காரர்களிடம் காசு வாங்குவது இவருக்குப் பிடிக்காது என்றாள். மத்தியானம் அவள் மாடிக்குத் துணி எடுக்கப் போனது அப்போதுதான் கஜபதிக்கு உறைத்தது.

படம் முடியும்வரை மாடி ஏறினான், இறங்கினான். கடைசியில் வீடு திரும்பினால், வாசலில் ரோஷன் பேகம்.

"அண்ணன்கிட்ட பேசிட்டேன். காலைல வேலைக்கு வந்துடச் சொன்னாரு."

கஜபதியின் சபதம் எல்லாம் மாடிப்படியிலேயே கரைந்திருந்தது. "செரி, கடைய மூடிட்டு வந்துடறேன்," என்றான்.

"நீ இன்னாத்துக்குயா மூடணும்?" என்றாள் நாகவல்லி. "தெருவே உன்ன நம்பிகினு கீது. வேல எனக்கு."

அவன் முறைத்தான். அவள் கிட்டே வந்து, அவன் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "மத்தியானம் மாடில பாத்தத நான் யார்கிட்டயும் சொல்லல," என்றாள்.

போய்வரச் சொல்லிவிட்டான்.

மறுநாள் அவள் பஸ் ஏறிப் போனதும், கடைக்குள் முதன்முதலாக ஒரு ஆள் நுழைந்தான். கஜபதி ஸ்க்ரூடிரைவரோடு துள்ளி எழுந்தான். வந்தது பரந்தாமன். அவன் பெண்டாட்டியும் அதே பஸ்ஸில்தான் போயிருந்தாள்.

"மச்சான்," என்றான் பரந்தாமன், "ஒரு ஆழாக்கு அரிசிக்கு எத்தினி தண்ணி ஊத்தணும்?"